வாகை மரம் சாய்ந்த பக்கம்

கேளுங்கள் மக்களே! மடியில் பிள்ளை வைத்திருப்பவர்களும் கேளுங்கள், வாயில் பல் இல்லாதவர்களும் கேளுங்கள். ராஜாக்கள் யானை மேல் ஏறி ஊர் ஊராகப் போன காலத்தில், கருக்கம்பட்டியில் மருதவாணன் என்று ஒரு வெல்ல வியாபாரி இருந்தான்.

அவன் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு வாகை மரம் நின்றது. வெளியே பார்க்கக் கம்பீரம், உள்ளே கரையான். காற்றடித்தால் மரம் முனகும். மரம் முனகினால் கூரையிலிருந்து ஓடு விழும். ஓடு விழுந்தால் அவன் மனைவி உலகம்மை பிள்ளைகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள்.

"மழைக்காலம் வர்றதுக்குள்ள இந்த மரத்தை எடுங்க. இல்லேன்னா எங்க அம்மாவை இங்க வரச் சொல்லிட்டு, நான் பிள்ளைகளோட அங்க போயிடுறேன்" என்றாள் அவள்.

மருதவாணன் அன்றே மரம் வெட்டும் பெரியாண்டியை அழைத்து வந்தான்.

பெரியாண்டி மரத்தைச் சுற்றி வந்தான். "ஐயா, இது உங்க வீட்டுப் பக்கமா சாஞ்சு நிக்குது. அடியில வெட்டினா நேரா உங்க அடுப்பங்கரையில வந்து படுத்துக்கும். கிளை கிளையா கயித்துல கட்டி இறக்கணும். கடைசியில அடிமரத்தை அந்தப் பக்கமா இழுத்துச் சாய்க்கணும். அதுக்குப் பக்கத்து முற்றம் வேணும். அந்த வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிப் போய்விட்டான்.

அந்த ஒரு வார்த்தைதான் சிக்கல்.

பக்கத்து முற்றம் குயவன் திருமேனியுடையது. முற்றம் முழுக்கப் பானைகள். இருவரும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. "உன் பானை ஒழுகி என் பாகெல்லாம் போச்சு" என்று இவன் ஒருநாள் கத்தினான். "உன் வெல்லத்துல இருக்கிற மண்ணை எடுத்தா நான் இன்னொரு பானையே செய்வேன்" என்று அவன் கத்தினான். அத்தோடு பேச்சு நின்றது.

அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், வேலியோரம் கட்டியிருந்த திருமேனியின் ஆட்டிடம் சொல்வார்கள்.

"ஏ ஆடே! சூளைப் புகை என் வீட்டுக்குள்ள வருதுன்னு உன் எஜமான்கிட்ட சொல்லு" என்பான் மருதவாணன்.

"ஏ ஆடே! மூக்கை மூடிக்கச் சொல்லு" என்பான் திருமேனி.

ஆடு இருவருக்கும் பொதுவாகத் தழை தின்னும்.

"அவன்கிட்டப் போய் நான் கேட்கவா? மரம் என்னுது, கோடரி என்னுது, கையும் என்னுது" என்று சொல்லி மருதவாணன் தானே வெட்டக் கிளம்பினான்.

முதல் முயற்சி. அடிமரத்தில் ஓங்கி வெட்டினான். பாதி வெட்டியதும் மரம் 'கிறீச்' என்றது. தெருப் பக்கம் சாயும் என்று நினைத்தான். அது வீட்டுப் பக்கம் ஒரு சாண் குனிந்து, கோடரியைக் கவ்விக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் விடவில்லை. உலகம்மை பிள்ளைகளோடு தெருவில் நின்றாள்.

இரண்டாம் முயற்சி. ஒரு கிளையில் கயிறு கட்டி, கொல்லைப் பக்கம் மாடுகளைப் பூட்டி இழுத்தான். மரம் அசையவில்லை, கிளைதான் முறிந்தது. முறிந்தது வெல்லக் கொட்டகை மேல் விழுந்தது. மாடுகள் கயிற்றோடு ஊரைச் சுற்றின. உடைந்த வெல்லத்தைத் தேடி ஊரிலுள்ள எறும்பெல்லாம் வந்து சேர்ந்தன.

மூன்றாம் முயற்சி. ஒரு பயில்வானைக் கூப்பிட்டு, "நான் முட்டுக் கொடுக்கிற வரைக்கும் மரத்தை முதுகால தாங்கிப் பிடி" என்றான். பயில்வான் மீசையை முறுக்கி, முதுகைக் கொடுத்தான். எறும்புகள் அவன் வேட்டிக்குள் ஏறின. அதன்பிறகு அந்தப் பயில்வானைக் கருக்கம்பட்டியில் யாரும் பார்க்கவில்லை.

மரம் மெதுவாக வந்து கூரை மேல் சாய்ந்துகொண்டது. உள்ளே உத்தரம் விரிசல் விட்டது. மேற்கே மேகம் கறுத்தது.

மருதவாணன் வேலியோரம் போனான், தொண்டையைச் செருமினான், திரும்பி வந்தான். மறுபடி போனான். "ஏ ஆடே! கொஞ்சம் இடம் கிடைக்குமான்னு கேட்டுச் சொல்லு" என்றான். ஆடு தழையை மென்றது.

"ஆடா வந்து கயிறு பிடிக்கப் போகுது?" என்று தெருவிலிருந்து உலகம்மை கத்தினாள்.

மூன்றாம் முறை அவன் வேலிக்குப் போகவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு திருமேனியின் வாசலுக்குப் போனான். மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"திருமேனி அண்ணே, என் வீடு விழப்போகுது. பிள்ளைங்க தெருவுல நிக்குது. உங்க முற்றமும் வேணும், நீங்களும் வேணும். அன்னைக்கு நான் பேசினது தப்பு."

கதவு திறந்தது. ஆனால் ஒரு முழம்தான் திறந்தது. உள்ளே தரையிலிருந்து கூரை வரை பானைகள். பானைகளுக்கு நடுவே திருமேனியின் முகம்.

"வாங்கன்னு சொல்ல ஆசைதான், கால் வைக்க இடமில்ல" என்றான் திருமேனி. "உங்க கோடரிச் சத்தம் கேட்ட அன்னைக்கே முற்றத்தைக் காலி பண்ணிட்டேன். இன்னைக்குக் கேட்பீங்க, நாளைக்குக் கேட்பீங்கன்னு உட்கார்ந்தபடியே தூங்குறோம்."

"அதை நீங்களே சொல்லியிருக்கலாமே!"

திருமேனி தலையைச் சொறிந்தான். "நீங்க என்கிட்டக் கேட்காம நான் எப்படிச் சொல்றது?"

உள்ளே ஏதோ ஒரு பானைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி செங்காயியின் குரல் வந்தது. "மரம் விழுந்தப்புறம் ரெண்டு பேரும் நிதானமாப் பேசுங்க. இப்பக் கயித்தை எடுங்க!"

ஆள் விட்டதும் பெரியாண்டி ஓடி வந்தான். மரத்தடியில் யாரும் நிற்கக் கூடாது என்று எல்லாரையும் விரட்டினான். சாய்ந்த மரத்தை முதலில் கயிறுகளால் முற்றத்துப் பக்கம் இறுக்கிக் கட்டினான். பிறகு உச்சிக் கிளையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வெட்ட, கீழே நட்ட கல்லில் கயிற்றைச் சுற்றி, மருதவாணனும் திருமேனியும் மெல்ல மெல்ல இறக்கினார்கள். கைத்தோல் உரிந்தது. ஆனாலும் இருவரும் கயிற்றை விடவில்லை.

கடைசியில் மொட்டையாக நின்ற அடிமரத்தை ஊரே சேர்ந்து இழுத்தது. அது ஒரு கணம் யோசித்தது போல நின்றது. பிறகு காலி முற்றத்தில் 'தொம்' என்று படுத்தது. அது விழுந்ததில் ஓர் ஓடுகூட உடையவில்லை. உலகம்மை அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

விரிசல் விட்ட உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து முடிப்பதற்குள் மழை கொட்டியது. பானைகளை வெளியே எடுக்க வழியில்லை. அதனால் திருமேனி குடும்பம் மருதவாணன் வீட்டுக்கு வந்து, பல நாள் கழித்து ஆசை தீரக் கால் நீட்டிக்கொண்டது. ஆண்கள் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். மண்ணைப் பற்றி, மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி, ஓடிப்போன பயில்வானைப் பற்றி. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்கினார்.

உலகம்மை கும்பிட்டுக் கேட்டாள்: "போதும் சாமிகளா, சோறு ஆறுது. கொஞ்ச நேரம் பேசாம இருங்க!"

ஆகவே மக்களே, ஆபத்து நேரத்தில் வீம்பை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய் உதவி கேட்பதே புத்திசாலித்தனம்.