டேப்லெட்டில் வந்த அதிகாரி

பேதைப்பாளையம் பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட்டுகள் வந்து இறங்கிய நாளிலிருந்து தலைமையாசிரியர் மாசிலாமணிக்குத் தூக்கமே இல்லை. அவற்றைக் கொடுத்துவிட்டுப் போன கல்வி அதிகாரி சுலோசனா மேடம் சொன்னது அப்படி. "வகுப்புல ஒழுங்கா பயன்படுத்தலைன்னா அத்தனையையும் பிடுங்கி எதிரூர் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துடுவேன்." எதிரூர்க்காரன் முன்னால் தலைகுனிவதா! அதற்கு மாசிலாமணி பேசாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரலாம்.

நல்ல மனுஷர் பாருங்கள், மேடம் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. "டேப்லெட் எப்பவும் பிள்ளைங்க கையிலயே இருக்கணும்" என்றிருந்தார். இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்க, கோமளம் டீச்சரும் எத்திராஜ் வாத்தியாரும் வரிசையாகச் சாம்பார் சாதம் ஊட்டிவிட்டார்கள். ஊட்டி முடிப்பதற்குள் பள்ளி விடும் மணி அடித்துவிடும்.

"சார்ஜ் குறையாம பாத்துக்கணும்" என்றும் ஒரு உத்தரவு இருந்தது. இதற்காக ஆசிரியர் கூட்டமே கூடியது.

"ஆன் பண்ணினா குறையுது சார், நான் கண்ணால பாத்தேன்" என்றார் எத்திராஜ்.

"அப்ப ஆன் பண்ணாமலே பாடம் நடத்துவோம்" என்றார் மாசிலாமணி.

"கறுப்பா இருக்குமே சார்?" என்று கோமளம் டீச்சர் இழுத்தார்.

"கரும்பலகை மட்டும் என்ன வெள்ளையா டீச்சர்? அதுல நாம நடத்தலையா?"

மறுநாளிலிருந்து பிள்ளைகள் டேப்லெட்டில் சாக்பீஸால் கணக்குப் போட்டார்கள்.

வியாழக்கிழமை மேடம் போன் செய்தார். "நாளைக்கு ஆய்வு. நேர்ல வர முடியலை, டேப்லெட்லயே வீடியோவுல வர்றேன். நான் நேர்ல வந்தா எப்படி நடந்துக்குவீங்களோ, அப்படியே நடந்துக்கணும். புரியுதா?"

"புரியுதுங்க மேடம்" என்றார் மாசிலாமணி. அவருக்கு எல்லாமே புரியும், அதுதான் சங்கடம்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு டேப்லெட்டை மட்டும் துடைத்து, ஆன் செய்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். மேடம் முகம் தெரிந்ததும் எத்திராஜ் பன்னீர் தெளித்தார். கோமளம் டீச்சர் மேடத்தின் நெற்றி இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மாசிலாமணி பெரிய சம்பங்கி மாலையைச் சாத்தினார். முன்னால் குத்துவிளக்கு ஏற்றி, வாசனைக்கு ஊதுபத்தியும் கொளுத்தியாயிற்று.

"என்னய்யா நடக்குது அங்க?" என்றார் மேடம், மாலைக்கு நடுவிலிருந்து.

அந்த நேரம் பார்த்துச் சத்துணவு சமைக்கும் பொன்னுத்தாயி உப்பு வாங்கக் காசு கேட்டு உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, மகராசி! போயிட்டீங்களா!"

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். படம், மாலை, பொட்டு, விளக்கு, ஊதுபத்தி. சந்தேகமே இல்லை. அவர் எத்திராஜ் பக்கம் திரும்பினார்.

"எப்ப சார் ஆச்சு?" என்று கேட்டார்.

"மாலை போட்டப்பவே ஆயிருக்கணும் சார். அதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தாங்க" என்றார் எத்திராஜ்.

"நான் உயிரோடதான்யா இருக்கேன்!" என்று மேடம் கத்தினார்.

"பாவம், அவங்களுக்கே இன்னும் தெரியலை" என்று கோமளம் டீச்சர் மூக்கைச் சிந்தினார்.

"வண்டி அனுப்பி எல்லா டேப்லெட்டையும் பிடுங்குறேனா இல்லையா பாருங்க!"

மாசிலாமணி எத்திராஜின் காதோடு கேட்டார். "இனிமே எப்படி சார் பிடுங்குவாங்க?"

"அது எப்படி முடியும் சார்?"

மாசிலாமணிக்கு அப்பாடா என்று இருந்தது. உடனே, ஒரு சாவு நடந்த இடத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி மௌன அஞ்சலி அறிவித்தார். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். மேடம் மட்டும் நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் குனிந்து, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்:

"மேடம், உங்க ஆத்மா சாந்திக்காகத்தான் நிக்கிறோம். முடியிற வரைக்கும் நீங்களும் கொஞ்சம் பேசாம இருங்க."