வெள்ளைக் கல்லுக்கு மேலே

ஆற்றின் அடியில் பாறை உருளும் சத்தம் இடியைப் போல இருக்காது. மேல்மாடியில் யாரோ ஆட்டுக்கல்லைத் தள்ளி நகர்த்துவதைப் போல இருக்கும். காதுக்குக் கேட்கும் முன்பே பாதத்துக்குத் தெரிந்துவிடும். ஓர் ஆவணி மாதத்து விடியலில் பல்வந்த் நேகி அந்தச் சத்தத்தைக் கேட்டார். பல வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும், மழை பெய்யாத நாளில்கூட, சில நேரம் அவருக்கு அது கேட்கிறது.

அன்று உருண்டது வெள்ளைக் கல்.

வடக்கே, இமயமலையின் அடிவாரத்தில் ஓடும் ஆறு அது. கரையில் ஒரு சிவன் கோயில். கோயில் படித்துறையிலிருந்து கீழே வெள்ளைக் கல் வரைக்கும் உள்ள நீர் சாமியின் நீர். அங்கே பொன்னிறச் செதிலோடு, ஆள் தொடை கனத்தில் மஹசீர் மீன்கள் திரியும். கோயிலுக்கு வருகிறவர்கள் அவற்றுக்கு மாவு ஊட்டுவார்கள்; யாரும் பிடிக்கமாட்டார்கள். கல்லுக்குக் கீழே மனிதரின் நீர். அங்கே அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் தூண்டில் போடலாம். பிடித்த மீனை மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். சட்டம் அப்படி.

வெள்ளம் அந்தக் கல்லை முந்நூறு தப்படி கீழே கொண்டுபோய் வைத்துவிட்டது. அந்த முந்நூறு தப்படிக்குள் இருந்தது கருமடு. ஆற்றிலேயே ஆழமான இடம். அதன் கரையில்தான் நேகியின் முகாம். டெல்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் தூண்டிலோடு வந்தவர்கள் அந்த மடுவுக்காகவே வந்தார்கள். அது சாமியின் நீராகிவிட்டால் முகாம் இல்லை.

“கல் தானாகப் போயிருக்கிறது,” என்றார் ஊர்த் தலைவர் திலோக் சிங். “சாமிக்கு இடம் போதவில்லை.”

“கூடாரத்தில் தங்க ஆசை வந்துவிட்டதோ சாமிக்கு?”

“உங்கள் கூடாரத்தில் மூட்டைப்பூச்சி என்று கேள்வி. சாமி தங்கமாட்டார், நேகிஜி.”

இருவரும் சிரித்தார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லையை அளந்து கம்பம் நடுவதற்கு வனத்துறை அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

நேகி சரூலியிடம் போனார்.

சரூலி அந்த ஊரின் நீர்க்காவல். ஊர் கூடி அவளை அந்த வேலைக்கு வைத்திருந்தது. நேகிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, அவளுக்கு நாற்பத்தாறு. ஆனாலும் அவள்தான் அவருக்குக் குரு. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று இந்த ஆற்றுக்கு வந்தபோது அவருக்கு மீனைப் பற்றி எதுவும் தெரியாது. கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார். அவள் அவரை முழங்கால் நீரில் நிற்கச் சொன்னாள். ஒரு வருஷம் நிற்க மட்டுமே சொன்னாள்.

“பட்டாளத்தில் நடக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்,” என்று முதல் வாரம் அலுத்துக்கொண்டார் நேகி.

“அதனால்தான் மீன் ஓடுகிறது,” என்றாள் அவள்.

இப்போது அவள் வாசலில் உட்கார்ந்து கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“குருஜி, எல்லை எது? கல்லா, கல் இருந்த இடமா?”

“உங்களுக்கு எது என்று தோன்றுகிறது?”

“இடம்தான். கல் உருளும். இடம் உருளாது.”

“திலோக் சிங்குக்கு?”

“கல்.”

“மீனுக்கு?”

நேகி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“மீனுக்குக் கல் போனது தெரியாதே! தலைமுறை தலைமுறையாக எது பத்திரமான நீர் என்று அதற்குத் தெரியும். பழைய இடம் வரைக்கும் மாவுக்கு வரும். அதற்குக் கீழே வராது.”

“அப்படியானால் மீனையே கேட்டுவிடலாம்,” என்றாள் சரூலி. “இந்த மாவை நீங்களே கொண்டுபோங்கள்.”

குரு தன் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டு நேகி வீட்டுக்குப் போனார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அதிகாரி வந்தாள். இரண்டு ஊழியர்கள் இரும்புக் கம்பத்தைத் தூக்கி வந்தார்கள். ஊர் ஒரு கரையிலும் முகாமின் ஆட்கள் மறு கரையிலும் நின்றார்கள். மீன் எங்கே நிற்கிறதோ அங்கே கம்பம் என்று நேகி சொன்னார். திலோக் சிங் தாடியைத் தடவினார்.

“சரி. என் தாத்தா சொன்னதை விட மீன் சொன்னால் அதிகாரி நம்புவார்.”

நேகி படித்துறையில் இறங்கினார். கையில் மாவு உருண்டை. நீர் தொடையைத் தொட்டபோது மீன்கள் வந்தன. முதலில் இரண்டு. பிறகு ஆற்றின் அடியே எழுந்து வருவதைப் போல ஒரு கூட்டம். அவர் முழங்காலை இடித்தன. விரலைச் சப்பின. கரையில் குழந்தைகள் கூவின.

அவர் மெல்லக் கீழ்நோக்கி நடந்தார். மீன்களும் உடன் நடந்தன. பட்டாளத்தில்கூட அவருக்குப் பின்னால் இத்தனை பேர் வந்ததில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது.

கரையோரம் ஓர் அத்திமரம். அதன் நிழல் விழும் இடத்தில் மீன்கள் நின்றன.

நேகி இரண்டடி முன்னே போய் மாவைக் கிள்ளிப் போட்டார். மாவு நீரில் கரைந்தது. ஒன்றுகூட வரவில்லை. பின்னால் வந்தார். வந்தன. மறுபடி முன்னே போனார். நிழலின் ஓரத்தில் வரிசையாக, தலையை அவர் பக்கம் வைத்து, நின்றன.

கல் இருந்த பழைய இடம் இன்னும் எண்பது தப்படி கீழே இருந்தது.

“அப்படியானால் எல்லை இங்கேயா?” என்று அதிகாரி கேட்டாள். “முகாமுக்கு இன்னும் எண்பது தப்படி கூடுகிறதே.”

முகாம் ஆட்கள் கைதட்டினார்கள். திலோக் சிங் கரையோரம் வந்து நீரை எட்டிப் பார்த்தார்.

“எப்படி? என் சின்ன வயதில் கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்குமே. நானே ஊட்டியிருக்கிறேன்.”

நேகிக்குத் தெரியும். அந்த அத்திமரத்தை அவரைவிட யாருக்குத் தெரியும்? நான்கு குளிர்காலமாக, மூடுபனி கரையை மறைக்கும் காலைகளில், கருமடுவில் எதுவும் கிடைக்காமல் முகம் தொங்கிப்போன விருந்தாளிகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறார். கொஞ்சம் மேலே போய் வீசுங்கள் சார், பனியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். இங்கே மீன் ஓடாது, சார். மனிதரைக் கண்டு பயப்படாது.

கம்பத்தைத் தூக்கியிருந்தவர்கள் நீரில் இறங்கிவிட்டார்கள். “இங்கேதானே?” என்று ஒருவன் கேட்டான்.

ஒரு தலையசைப்புப் போதும். கருமடு அவருடையது. அதற்கு மேலும் எண்பது தப்படி அவருடையது.

சரூலி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீரில் இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். மீன்கள் அவளைச் சுற்றிக்கொண்டன. நிழலைத் தாண்டவில்லை.

“குருஜி,” என்றார் நேகி. குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. “ஒன்றைக்கூடக் கொல்லவில்லை. சத்தியம். முள்ளைக் கழற்றி, மூச்சு வரும்வரை கையில் தாங்கிப் பிடித்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.”

“தெரியும்,” என்றாள் சரூலி. “செத்த மீன் எதை நினைவில் வைத்திருக்கும், நேகிஜி? நீங்கள் விட்டவைதான் இங்கே நிற்கின்றன.”

நேகி கம்பத்தை அந்த ஆட்களின் கையிலிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அத்திமரத்தைத் தாண்டி, பழைய இடத்தைத் தாண்டி, கருமடுவின் கரையோடு, கூடாரங்களுக்கு முன்னால் நடந்தார். அவருடைய ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெள்ளம் கொண்டுவந்து போட்ட வெள்ளைக் கல்லின் பக்கத்தில் கம்பத்தை இறக்கினார்.

அந்த ஆண்டே முகாம் மூடப்பட்டது. நேகி இப்போது ஹல்த்வானி நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீத்தூள் கடை வைத்திருக்கிறார்.