ஆடியில் உடையும் பல் உறை

தெளிவானந்தர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார். ஆசிரமத்தில் இது சண்முகவடிவுக்கு மட்டும்தான் தெரியும்.

சண்முகவடிவு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட ஆறு வயது மூத்த சிஷ்யை. தூக்கத்தில் பல் தேயாமலிருக்க மாட்டிக்கொள்ளும்படி தென்காசிப் பல் டாக்டர் குருவுக்குச் செய்து கொடுத்த பல் உறையைக் கவனிக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

காலையில் குரு உறையைக் கழற்றி வைத்ததும் அதைப் பச்சைத் தண்ணீரில் அலசுவார். மெத்தென்ற பிரஷ்ஷில் ஒரு சொட்டு சோப்பு விட்டு உள்ளும் புறமும் தேய்ப்பார். பற்பசை போட மாட்டார். கீறல் விழும், கீறலில் அழுக்கு சேரும். பிறகு நிழலில் உலர்த்தி, துளை போட்ட டப்பாவில் வைப்பார். ஒரு முறை சமையல்காரர் பொய்ப் பல் செட் என்று நினைத்து அதை வெந்நீரில் போட்டுவிட்டார். உறை கோணிக்கொண்டு வாயில் ஏறவே இல்லை. இன்னொன்றைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது.

"இது ஏன் சாமி உங்களுக்கு?" என்று முதல் வருடமே கேட்டார்.

"எங்க அப்பாவுக்கும் இருந்துச்சும்மா. பரம்பரை."

சண்முகவடிவு நம்பினார்.

அவரை அங்கே கொண்டுவந்தது ஒரு சின்னப் புத்தகம். ஆசிரமத்தார் அச்சிட்டது. குருவின் தங்கையை அவள் கணவன் தீ வைத்துக் கொன்றான். கோர்ட்டு வாசலில் குரு அவனைக் கட்டிக்கொண்டு, "உன்னை மன்னிச்சிட்டேன்" என்றார். அப்போது அவர் காவி கட்டியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் சாமியானார் என்று புத்தகம் சொன்னது.

சண்முகவடிவுக்கு ஒரே மகன், இசக்கிராஜா. பிச்சையா என்ற டிரைவர் குடித்துவிட்டு ஓட்டிய வேன் மோதி, இருபத்துமூன்று வயதில் இறந்துபோனான். அந்த வழக்கு நடக்கும்போதுதான் புத்தகம் கைக்கு வந்தது. படித்துவிட்டுக் குருவைத் தேடி வந்தார்.

"விட்டுடுங்கம்மா" என்றார் குரு.

டிரைவரின் தண்டனையைக் குறைக்கச் சொல்லி சண்முகவடிவு நீதிபதிக்கு மனுக் கொடுத்தார். தண்டனை குறைந்தது. அன்றோடு அவர் கணவர் அவரிடம் பேசுவதை நிறுத்தினார். ராஜபாளையத்தில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். சண்முகவடிவு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார்.

பிச்சையா விடுதலையான பிறகு வருடத்துக்கு ஒரு முறை ஆசிரம வாசலுக்கு வருவார். சண்முகவடிவு வெளியே போக மாட்டார். "மன்னிச்சிட்டேன்னு சொல்லிடுங்க" என்று உள்ளிருந்தே ஆள் அனுப்புவார்.

"கோபம் இன்னும் போகலை சாமி" என்பார் குருவிடம்.

"போயிடும்."

"உங்களுக்குப் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

ஏழு வருடங்கள் இப்படிப் போயின.

அந்த ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பிச்சையாவை வரச் சொல்லியிருந்தார் குரு. சண்முகவடிவும் பிச்சையாவும் மேடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். வருகிறவர்கள் பார்க்க வேண்டும்.

காலையில் டப்பாவைத் திறந்தபோது பல் உறை இரண்டாக உடைந்து கிடந்தது. சண்முகவடிவு துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். கடைவாய்ப் பல் படும் இடம் தேய்ந்து தேய்ந்து ஓட்டையாகி, அங்கிருந்து விண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு குருவின் அறைக்குப் போனார்.

"போன ஆடியிலயும் உடைஞ்சது சாமி. அதுக்கு முந்தின ஆடியிலயும் உடைஞ்சது. மத்த மாசத்துல உடையலை."

"ஆடியில என்ன சாமி?"

"தங்கச்சி செத்த மாசம்."

"அப்பாவுக்கு இருந்துச்சுன்னு சொன்னீங்களே."

குரு எழுந்து ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு வந்தார். வாயை அகலத் திறந்து காட்டினார். முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவர் சண்முகவடிவு. கடைவாய்ப் பற்கள் தேய்ந்து, ஈறோடு ஈறாகத் தட்டையாக இருந்தன. ஒரு பல் நடுவே பிளந்திருந்தது.

குரு வாயை மூடிக்கொண்டார்.

"அப்பாவுக்குச் சாகிறவரைக்கும் பல்லு நல்லா இருந்துச்சு" என்றார்.

"உங்களால முடியாததை என்னைச் செய்யச் சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

"என் வீட்டுக்காரர் என்கூடப் பேசி ஏழு வருஷம் ஆச்சு சாமி."

"தெரியும்."

"இதை இன்னைக்குக் கூட்டத்துல சொல்வீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"வர்றவங்க இதைக் கேக்க வரலை."

சண்முகவடிவு துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். வாசலில் பிச்சையா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். கையில் ஒரு பையில் வாழைப்பழம். சண்முகவடிவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"நான் உங்களை மன்னிக்கலை" என்றார் சண்முகவடிவு. "மனு நான் எழுதினதுதான். ஆனா சாமி சொல்லி எழுதினேன். என் மகன் உயிரோட இருந்தா இப்போ அவனுக்கு முப்பத்திரண்டு வயசு. ஒவ்வொரு நாளும் நீங்க சாகணும்னு நினைச்சுக்கிட்டே எந்திரிக்கிறேன். இதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்."

பிச்சையா தலையைக் குனிந்தார்.

"தெரியும்மா. மன்னிச்சிருந்தா ஒரு தடவையாவது வெளிய வந்திருப்பீங்க."

"தெரிஞ்சும் ஏன் வர்றீங்க?"

"இதைக் கேக்கத்தான் வர்றேன்."

இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். பிறகு பிச்சையா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பழப் பையை அவர் கொடுக்கவும் இல்லை, சண்முகவடிவு கேட்கவும் இல்லை.

திரும்பி வந்து சண்முகவடிவு தன் துணிமணிகளை எடுத்து வைத்தார். டாக்டர் அதே அச்சில் செய்து கொடுத்திருந்த மாற்று உறையை எடுத்து, பிரஷ்ஷோடு குருவின் முன்னால் வைத்தார்.

"இனிமே நீங்கதான் கழுவிக்கணும். வாரம் ஒரு தடவை வினிகர் கலந்த தண்ணியில கொஞ்ச நேரம் ஊற வைங்க, இல்லைன்னா வெள்ளையாப் படியும். அந்தப் பிளந்த பல்லை இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டுங்க."

"எங்கம்மா போறீங்க?"

"ராஜபாளையம். அவர் கதவைத் திறப்பாரான்னு தெரியலை."

"பிச்சையாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"தெரியும்னார்."

குரு பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். அதன் நாரை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவரைக் கூப்பிட ஒருவர் வந்து கதவருகே நின்றார். குரு கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

சண்முகவடிவு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசற்படியில் நின்று கேட்டார்.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரன்கிட்ட மன்னிக்கலைன்னு நீங்க சொல்லவே இல்லையா சாமி?"

"சொல்லலாம்னு ஒரு ஆடியில அவன் வீட்டுக்குக் கிளம்பிப் போனேன்" என்றார் குரு. "அவன் செத்து மூணு நாள் ஆகியிருந்துச்சு. மன்னிச்ச மச்சான் வந்திருக்காருன்னு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாங்க."