நாடிமேல் விழுந்த முடிச்சு

சண்டை ஓய்ந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். தவபாலனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இடிந்து கிடந்த முறிவு வைத்தியசாலையை ஒருவழியாகக் கட்டியெழுப்பிவிட்டான். சுண்ணாம்பும் அடித்தாயிற்று. விடிந்தால் திறப்பு. இப்போதே உழவு இயந்திரங்களில் ஆட்கள் வந்து வேப்பமரத்தடியில் படுத்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கால், ஒருவருக்குத் தோள்.

எலும்பைப் பொருத்த மட்டும் ஆளில்லை. தவபாலன் எண்ணெய் காய்ச்சுவான், மருந்து அரைப்பான், அவ்வளவுதான். அவன் குருவான முறிவு வைத்தியர் பெரிய பரியாரியாருக்கோ கை நடுக்கம் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது அவரிடம் படித்த இராசமலர் ஒருத்தி. அவளும் சண்டைக்குள் இடம்பெயர்ந்து போனவள், அடுத்த ஊரிலேயே தங்கிவிட்டாள்.

"அவள் வரமாட்டாளாம், ஐயா" என்றான் தவபாலன். "சீமெந்துக் கல் அரிஞ்சு அரிஞ்சு கை மரத்துப் போச்சாம். நாடியே பிடிபடாதாம். சம்பளம் சொன்னன், வீடு தாறன் எண்டன், கும்பிட்டும் பாத்தன். இனி என்ன செய்யிறது?"

குரு முறிவுக்கு வைத்துக் கட்டும் மூங்கில் தப்பைகளை எடுத்துத் தன் இடக் கையில் வைத்து, பல்லால் துணியை இழுத்துக் கட்டத் தொடங்கினார்.

கட்டி முடித்ததைத் தவபாலன் குனிந்து பார்த்தான். முடிச்சு மணிக்கட்டின் உட்பக்கம், நாடிக்கு நேர் மேலே இருந்தது. முடிச்சு நாடியில் விழக்கூடாது என்பதுதான் குருவின் வீட்டில் முதல் பாடம். அதில் பிழைவிட்டவனுக்கு அன்றைக்குச் சோறு கிடையாது.

"எப்ப ஐயா விழுந்தனீங்கள்?"

"சைக்கிளை எடு, தம்பி."

"முடிச்சையாவது மாத்துவம்."

"தொடாதை."

அடுத்த ஊருக்குப் போகும் வழியெல்லாம் தவபாலனுக்கு மனம் அடித்துக்கொண்டது. மனுசனுக்கு வயசு போய்விட்டது, நாளைக்குச் சனத்துக்கு முன்னால் இந்தக் கோலத்தில் நின்றால் மானம் கப்பலேறிவிடும் என்று நினைத்தான்.

இராசமலர் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். குருவைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்தாள். கட்டைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"ஆர் ஐயா இதைக் கட்டினது?"

குரு மெல்லத் திரும்பித் தவபாலனைப் பார்த்தார்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? முடிச்சு நாடியிலை கிடக்குது. இப்பிடியே விட்டால் கை நீலம் பாரிச்சிடும். இதையே இவ்வளவு காலமும் படிச்சனீங்கள்?"

தவபாலன் வாயைத் திறந்தான். குரு அவன் காலை மிதித்தார்.

அதற்குள் அவள் வாளித் தண்ணீரில் கை கழுவிவிட்டு, கட்டைத் தளர்த்தத் தொடங்கியிருந்தாள். வாய் தவபாலனைத் திட்டிக்கொண்டே இருந்தது. கண்ணும் அவன் மேல்தான். விரல்கள் மட்டும் தப்பைகளுக்கு இடையே நுழைந்து, முழங்கையிலிருந்து எலும்பு வழியே இறங்கின.

திட்டு பாதியில் நின்றது. விரல்கள் மறுபடி மேலே போய் இறங்கின.

"ஐயா, இது முறியேல்லை."

"வடிவாப் பார்."

"பாக்கத் தேவையில்லை. எலும்பு நேராத்தான் ஓடுது. ஒரு கீறலும் இல்லை. நாடியும்..."

அவள் பேச்சை விட்டுவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள்.

"முறியாத கையை ஏன் ஐயா கட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"முறியேல்லை எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. உன்ர விரலுக்குத் தெரியுமோ எண்டு கேக்க வந்தனான்."

இராசமலர் அழுதாள். அழுதுகொண்டே மிச்சக் கட்டையும் அவிழ்த்து, துணியை ஒழுங்காகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். தவபாலன் சந்தோசத்தில் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினான்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனைக் கேட்டாள்:

"நாளைக்கு எத்தினை மணிக்கு அண்ணை திறக்கிறியள்?"

அவன் பதில் சொல்வதற்குள் குரு சொன்னார்:

"நீ வந்தாப் பிறகு."