எண்பத்தொன்பது கிலோவுக்கு ஷாக்

"எந்த ஷாக் நல்லதுங்க, அம்மணி?"

கேட்டவர் வெள்ளியங்கிரி. வயது ஐம்பத்தொன்பது. வால்பாறை மலைப்பாதையில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

இப்போது அவரிடம் ஒரு மோட்டோகிராஸ் வண்டி இருந்தது. மண்மேட்டில் ஏறிப் பாய்வதற்கென்றே எழுபத்துநாலாம் வருஷம் செய்த வண்டி. எஞ்சினை அவரே சரிசெய்துவிட்டார். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் ஷாக் அப்சர்பர்கள்தான் எண்ணெய் ஒழுகிச் செத்துப்போயிருந்தன.

கோகிலவாணி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு முப்பத்தாறு வயது. போத்தனூரில் ஒரு தகரக் கொட்டகையில் ஷாக் பிரித்துப் பூட்டுகிறவள். ரேஸ் நாள் நெருங்கினால் ஓட்டுகிறவர்கள் அவள் வாசலில் வரிசையில் நிற்பார்கள். அவள் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதே அபூர்வம்.

"எதுக்கு நல்லதுங்க, சார்?"

"குலுங்கக் கூடாதுங்க. முதுகு நோவு இருக்குது."

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இது குலுங்காதுங்க. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் தன் வேலையைப் பார்த்தாள். கொட்டகைக்குப் பின்னால் ஒரு ரயில் போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று போனது.

வெள்ளியங்கிரி எழுந்துகொண்டார்.

"நான் உக்கார வரலீங்க."

"அப்புறம்?"

"ஓட்ட வந்தேனுங்க. அடுத்த மாசம் பழைய வண்டிகளுக்குன்னு தனியா ரேஸ் வெக்கறாங்க. பேர் குடுத்துட்டேன்."

அப்போதுதான் அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"சம்சாரம் வேண்டாங்குது. பையன் பெங்களூர்ல இருந்து போன் போட்டு வேண்டாங்கறான். டாக்டரும் வேண்டாங்கறாரு."

"நீங்க?"

"முப்பத்தொரு வருஷம் அறுபது பேரு உசுரப் பின்னால வெச்சுக்கிட்டு ஓட்டினேனுங்க. ஒரு நாளும் சக்கரம் தரைய விட்டுக் கெளம்பினதில்ல. கெளம்பவும் கூடாது."

அவர் நாற்காலியை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"இப்பப் பின்னால யாருமில்லீங்க."

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன ஷாக் போடலாம்னு நெனச்சீங்க?"

"கேஸ் வெச்ச நீளமான ஷாக்தான் நல்லதுங்கறாங்க. ஜெயிக்கறவங்க எல்லாம் அதுதான் போட்டிருக்காங்களாம்."

அவள் இரண்டு செங்கல்லை எடுத்து வந்து நாற்காலியின் பின்கால்களுக்கு அடியில் வைத்தாள்.

"உக்காந்து ஓட்டுங்க."

அவர் உட்கார்ந்தார். உடம்பு முன்னால் வழுக்கியது. ஹேண்டில்பாரைப் பிடிப்பது போலக் கையை நீட்டினார். பிடிக்க ஒன்றுமில்லாமல் மூக்கு குப்புற விழப் போனார். காலை ஊன்றி நின்றார்.

குனிந்து செங்கல் இரண்டையும் அவரே எடுத்துப் போட்டார்.

"நீள ஷாக் பின்னால இப்படித் தூக்குமுங்களா? பழைய நீளமே இருக்கட்டுங்க."

"எத்தன கிலோ இருப்பீங்க?"

"எழுபத்தொண்ணு."

அவள் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேத்திங்களா?"

"சேத்தித்தானுங்க."

அவள் அலமாரியிலிருந்து ஒரு ஜோடி ஸ்பிரிங்கை எடுத்தாள்.

நாலாம் நாள் காலை வெள்ளியங்கிரி நொண்டிக்கொண்டே வந்தார். முழங்கையில் சிராய்ப்பு. வண்டி மினி ஆட்டோவில் வந்திருந்தது.

"உங்க ஸ்பிரிங் சரியில்லீங்க, அம்மணி."

"என்னாச்சுங்க?"

"இடுப்பளவு மேடுதான். ஏறி எறங்கறப்ப ஸ்பிரிங் கடைசி வரைக்கும் அமுங்கி, இரும்போட இரும்பு இடிச்சுருச்சு. என்னையத் தூக்கி வீசிருச்சு."

"ஸ்பிரிங் சரிதானுங்க. எழுபத்தொரு கிலோ ஆளுக்கு எடுத்தது. அவரக் கூட்டிட்டு வாங்க."

வெள்ளியங்கிரி மூலைப் பக்கம் திரும்பினார்.

கொட்டகை மூலையில் இரும்பு எடை போடும் தராசு ஒன்று தரையோடு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் ஏறினார்.

எண்பத்துநாலு.

இறங்கி, மினி ஆட்டோவிலிருந்து ஹெல்மெட்டையும் பூட்ஸையும் மார்புக்கவசத்தையும் எடுத்து வந்தார். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார்.

எண்பத்தொன்பது.

"மொத நாளே தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"எடை உங்களுதுங்க. நான் எப்படிச் சொல்றது?"

வெள்ளியங்கிரி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது.

"கழுத்து ஒடஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நான் பொய் சொன்னது தப்பு. பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டே ஸ்பிரிங் குடுத்தீங்களே, அது மட்டும் சரிங்களா?"

அந்தக் கொட்டகையில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"சரியில்லீங்க. சமதரையில ஓட்டிப் பாத்துட்டு வந்துருவீங்கன்னு நெனச்சேன். மேட்டுக்கே போவீங்கன்னு நெனக்கல."

"நான் போவேனுங்க."

"இப்பத் தெரியுது."

அன்று அவள் எண்பத்தொன்பது கிலோவுக்கு ஸ்பிரிங் போட்டாள். கவசத்தோடு அவரை வண்டியில் உட்கார வைத்து, பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் பிடித்து அளந்தாள். நாலு அங்குலம் ஏறி இறங்குகிற சக்கரம். அவர் உட்கார்ந்ததும் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இறங்கி நின்றது.

"இதுக்கு மேல எறங்கினாலும் தப்பு. எறங்காம நின்னாலும் தப்புங்க," என்றாள்.

மீதி இருந்தது ஷாக்குக்குள் ஊற்றும் எண்ணெய்.

மறுநாள் அவள் மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்தாள். ஒன்றிலும் பேர் ஒட்டியிருக்கவில்லை.

"எதுங்க நல்லது?" என்றார் வெள்ளியங்கிரி.

அவள் முதல் பாட்டிலைத் திறந்து ஊற்றி, ஷாக்கைப் பூட்டி, வண்டியில் மாட்டினாள். கொட்டகைக்குப் பின்னால் வற்றிப்போன குட்டையைக் கைகாட்டினாள்.

அவர் குட்டைக்குள் பத்துச் சுற்று ஓட்டிவிட்டு வந்தார். அவள் எண்ணெயை மாற்றினாள். மறுபடி பத்துச் சுற்று. மறுபடி எண்ணெய். பிரிப்பதும் ஊற்றுவதும் பூட்டுவதுமாகப் பொழுது சாய்ந்தது.

மூன்றாவது எண்ணெய் கெட்டி. அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த குழி வந்துவிட்டது. நாலைந்து குழியில் வண்டி கல்லாகிப் போனது. அதை இரண்டு பேரும் பேசாமலே ஒதுக்கினார்கள்.

"மொத எண்ணெய் போட்டுக்குங்க," என்றாள் கோகிலவாணி. "உங்க முதுகுக்கு அதுதான் எதம். ரேஸ் முடியற வரைக்கும் தாங்குவீங்க."

வெள்ளியங்கிரி இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேண்டாங்க. ரெண்டாவது ஊத்துங்க."

"நோவும்."

"நோவட்டுங்க. மொத எண்ணெயில மெத்தையில உக்காந்த மாதிரிதான் இருக்குது. ஆனா குழிய விட்டு வந்த பொறவும் சக்கரம் துள்ளிக்கிட்டே கெடக்குது. எங்க இருக்குதுன்னே தெரியல. ரெண்டாவதுல ஒவ்வொரு கல்லும் முதுகுல ஏறுது. சக்கரம் மண்ணுல இருக்குதுன்னு தெரியுதுங்க."

"உங்க வயசுக்குச் சொல்றேன்."

"வயசுக்குத்தான் எல்லாரும் சொல்றாங்களே, அம்மணி. நீங்க வண்டிக்குச் சொல்லுங்க."

அவள் முதல் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

"சொல்றதக் கேக்க மாட்டீங்களா?"

"இதுல கேக்க மாட்டேனுங்க."

கோகிலவாணி முதல் பாட்டிலை இறுக மூடி அலமாரிக்குள் வைத்தாள். இரண்டாவது பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே ஊத்துங்கண்ணா."

அதுவரை அவள் அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

ரேஸ் சூலூருக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்பை ஒட்டிய செம்மண் காட்டில் நடந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. மண் பிசுபிசுவென்று டயரில் ஒட்டியது.

பழைய வண்டிகள் பிரிவில் பன்னிரண்டு பேர். இரண்டு ரேஸ்.

ரேஸை நடத்துகிறவர் ஆறுச்சாமி. நல்ல மனுஷர். கையில் மைக்கோடு வந்து வெள்ளியங்கிரியின் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அண்ணா, ஒரு யோசனைங்க. ரேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னால நீங்க தனியா ஒரு சுத்து வந்துருங்க. மரியாதைச் சுத்து. நான் மைக்குல சொல்லிடறேன்."

"ரேஸு?"

"அது சின்னப் பசங்க மோதிக்கறதுங்க."

"இத்தன வயசுக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களா?"

"சட்டமெல்லாம் இல்லீங்க. விழுந்துட்டா?"

"விழுவேனுங்க."

"கை, கால் ஒடஞ்சா?"

"எனக்குத்தானுங்க ஒடையும்."

ஆறுச்சாமி கோகிலவாணியைப் பார்த்தார். அவள் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஷாக்கின் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லு வாணி. நீ சொன்னாக் கேப்பாரு."

"சொல்லிப் பாத்துட்டேனுங்க. கேக்கல."

வெள்ளியங்கிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் பன்னிரண்டாவதாக நிறுத்தினார்.

கொடி விழுந்தது. பதினொரு வண்டிகள் மண்ணை வாரி அவர் முகத்தில் அடித்துவிட்டுப் போயின. கண்ணாடியைப் புறங்கையால் வழித்துக்கொண்டு பின்னால் போனார்.

இரண்டாவது சுற்றில், மூன்றாவது மேட்டில் விழுந்தார்.

கூட்டம் அடங்கியது. ஆறுச்சாமி மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கோகிலவாணி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அவர் எழுந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தினார். கிக்கரை ஐந்து தடவை உதைத்தார். ஆறாவது உதையில் எஞ்சின் பிடித்தது.

மூன்றாவது சுற்றில் அதே மேடு வந்தது. அவர் ஆக்சிலரேட்டரைக் குறைக்கவில்லை.

மேடு முடிந்தது. கீழே ஒன்றும் இல்லை. இரண்டு சக்கரமும் தரையை விட்டுக் கிளம்பியிருந்தன. எஞ்சின் சத்தம்கூட எங்கேயோ தூரத்தில் கேட்டது. பிறகு செம்மண் எழும்பி வந்து அடித்தது. பின்ஷாக் இரண்டும் அமுங்கி நிமிர்ந்தன. வலி இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் ஒரே கோடாக ஓடியது. சக்கரம் மண்ணில் இருந்தது.

ஹெல்மெட்டுக்குள் அவர் சிரித்தார். யாருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

வண்டியை ஸ்டாண்டு போட்டு ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஆறுச்சாமி வந்துவிட்டார். பின்னால் நாலைந்து பேர், போன் கேமராவோடு. ஆறுச்சாமி மைக்கில் அவர் பேரையும் வயதையும் சொன்னார். எல்லாரையும் கைதட்டச் சொன்னார். கவரைப் பிரித்து, ஜரிகை வைத்த மஞ்சள் பொன்னாடை ஒன்றை எடுத்து வெள்ளியங்கிரியின் தோளில் போர்த்தினார்.

வெள்ளியங்கிரி கை கூப்பினார்.

ஆறுச்சாமி மைக்கை மறைத்துக்கொண்டு குனிந்தார்.

"சாதிச்சுக் காட்டிட்டீங்கண்ணா. ரெண்டாவது ரேஸ் வேண்டாம். கௌரவமா இதோட முடிச்சுக்கலாமுங்க."

வெள்ளியங்கிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வண்டிக்குப் பின்னால் குந்தினார். ஷாக்கின் தண்டு தெரியாத அளவுக்குச் செம்மண் அப்பியிருந்தது. அப்படியே ஓட்டினால் மண் உள்ளே போய், எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் வளையத்தை அறுக்கும். எண்ணெய் ஒழுகிவிடும்.

அவர் தோளிலிருந்து பொன்னாடையை உருவினார். ஜரிகை தண்டில் கீறிவிடாதபடி உள்பக்கமாக மடித்தார். ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே துணியை நுழைத்துத் தண்டில் சுற்றி, மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, துடைக்கத் தொடங்கினார்.

கைதட்டல் நின்றுபோனது.

"அண்ணா," என்றார் ஆறுச்சாமி. "அது பொன்னாடைங்க."

வெள்ளியங்கிரி துடைத்துக்கொண்டே இருந்தார். துணி சிவந்தது. தண்டு பளபளத்தது.

கோகிலவாணி வந்து குனிந்து பார்த்தாள்.

"அந்தப் பக்கத்து ஷாக்குலயும் மண்ணு இருக்குதுங்கண்ணா."