ரவிக்கைத் துணி சுற்றிய வயர்

மில் முதலாளி தெய்வசிகாமணிக்குத் தன் காதைப் போல ஊரில் இன்னொரு காது கிடையாது என்று நினைப்பு. ஸ்பீக்கருக்கு லட்ச ரூபாயில் வெளிநாட்டு வயர் சொல்லியிருந்தார்.

“ஆறு மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க. பார்சலை வாங்கி மாட்டி வை. இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே” என்று வீட்டு வேலைக்காரி பொன்னாத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து மணியாகியும் பார்சல் வரவில்லை. பழைய வயருக்கே, புதுசு போலத் தெரியும்படி, பட்டு ரவிக்கைத் துணியைச் சுற்றித் தைத்து மாட்டிவிட்டாள் பொன்னாத்தா.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் ஸ்பீக்கரில் வீணை ஒலித்தது. முதலாளி கண்ணை மூடினார். “நகம் உரசறதுகூடக் கேக்குது பாருங்க! பழைய வயர்ல இது வருமா?” விருந்தாளிகள் சொக்கிப்போய்த் தலையாட்டினார்கள்.

வாசலில் மணி அடித்தது. பொன்னாத்தா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஏனுங்கய்யா, வெளிநாட்டு வயர் இப்பத்தானுங்க வந்திருக்குது. வாங்கி வைக்கட்டுங்களா, இல்ல, பழைய வயருக்கு நான் சுத்துன ரவிக்கைத் துணியே போதுங்களா?”