அம்மன் அமர்ந்த பலகை

குருந்தங்குடியில் மாடக்கண்ணார் என்று ஒருவர் இருந்தார். குருந்தவல்லி அம்மன் கோயிலின் மதிலுக்கும் பிரகாரச் சுவர்களுக்கும் வெள்ளையடிப்பது அவர் வேலை. விடிவதற்கு முன்பே ஊறவைத்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்துவிடுவார். வெள்ளையடிக்கும் மட்டையை முதன்முதலாக நனைக்கும் முன் அம்மன் இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு. அவருக்குப் பாட்டும் தெரியாது, மந்திரமும் தெரியாது. “தாயே, இன்றைக்கும் உன் வீட்டை வெளுக்க வந்திருக்கிறேன்” என்பார். அவ்வளவுதான் அவர் பூசை.

ஆனால் அவர் கைக்கு ஒரு நோய் இருந்தது. அப்படித்தான் அவர் நினைத்தார். வெள்ளைச் சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காது. சோறு பிசையும்போது விரல் தட்டின் ஓரத்தில் கோடு இழுக்கும். தூக்கத்திலும் பாயைக் கீறும். “இந்தக் கையை எந்தப் பேய் பிடிச்சு ஆட்டுது?” என்று மனைவி பேச்சித்தாய் அதை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். மடியிலும் அது அடங்காது.

கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளையடிக்க வேண்டிய சுவரில் முதலில் கரியால் வரைவார். கண் நிறையப் பார்ப்பார். பிறகு தன் கையாலேயே அதன்மேல் வெள்ளையை இழுத்துவிடுவார். கோடும் போட்டாயிற்று, வேலையும் முடிந்தது, யாருக்கும் தெரியாது. அம்மனை மட்டும் அவர் வரையவில்லை. அந்த முகத்தைத் தொடக் கைக்குத் தகுதி இல்லை என்று நினைத்தார். அவர் வரைந்ததெல்லாம் அம்மனைப் பார்க்க வந்தவர்களை: இடுப்புப் பிள்ளைக்குக் கோபுரத்தைக் காட்டும் தாய், தூணில் முதுகைச் சொறிந்துகொள்ளும் எண்ணெய்க்காரர், கதை கேட்க உட்கார்ந்து வாய் பிளந்து தூங்கும் தருமகர்த்தா செவந்தியப்பர்.

தேர்த் திருவிழா நெருங்கிய ஒரு வருடம், வேலை முடிய வேண்டிய அவசரத்தில் வெள்ளையை நீர்க்கக் கரைத்து ஒரே பூச்சாகப் பூசிவிட்டார். காய்ந்தபோது சுவர் பால்போல இருந்தது. அம்மன் பிரகாரம் சுற்றும் வேளையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. மெல்லிய சுண்ணாம்பு நனைந்தால் கண்ணாடிபோல ஆகிவிடும். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சுவருக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தாய் வந்தாள், எண்ணெய்க்காரர் வந்தார், கடைசியில் வாய் பிளந்தபடி தருமகர்த்தாவும் வந்தார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நிசமான தருமகர்த்தாவின் அருகில் நின்ற ஒருவர், “ஈ போயிரப் போவுது, வாயை மூடச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றார். செவந்தியப்பரின் முகம் கறுத்தது.

“ஏலே மாடக்கண்ணு, அம்மன் மதில் உனக்குச் சந்தி சிரிக்க வைக்கிற இடமால?”

மாடக்கண்ணாருக்கு அன்றோடு கோயில் வேலை போயிற்று. சிரித்தவர்களைவிட அவரைத் தைத்தது வேறொன்று. அம்மனின் வீட்டைத் தான் கெடுத்துவிட்டோமோ என்று கலங்கினார். இந்தக் கை அவள் கொடுத்ததா, இல்லை அவளுக்கு ஆகாததா என்பது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மனிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அந்த ஊரில் எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து, சன்னதியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலத்தை மடிப்பவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர் என்பதுதான் வழக்கம். யாரிடமும் சொல்லக் கூசி, மாடக்கண்ணார் இரண்டையும் தாமே செய்தார். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினார். கண்ணை மூடலாம், அந்த விரலை எப்படி மூடுவது? இலைக்குள் வெள்ளை நந்தியாவட்டை மெத்தென்றிருந்தது. சிவப்பு அரளி மொட்டு உறுத்தியது. எது எதுவென்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளையைத் தொட்ட விரல் ஒரு கணம் நின்றது. ஊரின் சிரிப்பு காதில் கேட்டது. அவர் சிவப்பை எடுத்தார்.

“இனி வரையமாட்டேன் தாயே” என்று சன்னதியிலேயே சத்தியம் செய்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த சுண்ணாம்புக் காளவாயில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு வருடம் கிளிஞ்சல் சுட்டார். விரல்கள் வெந்து தோல் உரிந்தன. ஆனாலும் துடிப்பு நிற்கவில்லை. நடந்துகொண்டே இருப்பார். உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். அப்போதும் ஒரு நாளும் கும்பிடத் தவறவில்லை. திசை பார்ப்பார், ஆனால் தலை நிமிரமாட்டார். அது ஏன் என்று பேச்சித்தாய் கேட்டாள். அவர் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போது கோயிலில் திருப்பணி தொடங்கியது. கருவறையில் கை வைக்கும் முன், அம்மனை அத்திப் பலகையில் சித்திரமாக எழுதி, கல்லில் இருக்கும் சக்தியைக் கும்ப நீரில் இறக்கி அந்தப் பலகைக்கு மாற்றுவார்கள். வேலை முடியும்வரை பலகைதான் அம்மன். அதை எழுத வேண்டிய சித்திரக்காரர் வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் அக்கரையில் நின்றுவிட்டார். சக்தியை மாற்றக் குறித்த நாளோ மறுநாள். சபேசக் குருக்கள் மாடக்கண்ணாரின் பெயரைச் சொன்னார். செவந்தியப்பர் காதில் வாங்கவே இல்லை; நாளைத் தள்ளிப்போடலாம் என்றார்.

விடியும் நேரத்தில் அவருக்கு ஒரு கனவு. கருவறை வெறுமையாகக் கிடக்கிறது. பதறி வெளியே ஓடி வந்தால், மதிலோரம் சுண்ணாம்புக் குவியலின்மேல் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “எனக்கு வீடு எழுதுகிறவன் இன்னும் வரவில்லை” என்கிறாள்.

செவந்தியப்பர் செருப்பும் போடாமல் காளவாய்க்கு நடந்தார். மாடக்கண்ணார் அவரைக் கண்டதும் பின்வாங்கினார். நான்கு வருடமாக மனைவிக்கும் சொல்லாததை அவரிடம் சொன்னார்: “நான் வரக்கூடாதுய்யா. அன்னைக்கு அம்மன்கிட்ட பூக் கேட்டேன். வெள்ளை எதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே சிவப்பை எடுத்தேன். அவ வேண்டாம்னு சொல்லல. நான் அவ வாயை அடைச்சேன்.”

தருமகர்த்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவ வெளியில உக்காந்திருக்கா மாடக்கண்ணு. வா.”

மாடக்கண்ணார் குளித்து ஈரத்துணியோடு மண்டபத்தில் பலகைமுன் அமர்ந்தார். தூரிகையை எடுத்து வரைந்தார். நான்கு வருடம் அடைபட்டிருந்த கோடுகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. காவியும் மஞ்சளும் தம் இடத்தைத் தாமே தேடிக்கொண்டன. கண் எழுதும்போது மட்டும் அவர் மூச்சு விடவில்லை.

கும்பத்தை ஏந்திக் குருக்கள் கருவறைக்குள் போனார். முப்பது வருடம் தொட்டு அலங்கரித்த திருமேனிமுன் மந்திரத்தைத் தொடங்க வாய் திறந்தார். அந்த நொடியில் கல்லின் தோளிலிருந்து மாலை நழுவிக் கீழே விழுந்தது. ஆள் போய்விட்ட வீட்டின் அமைதி அங்கே இருந்தது. குருக்கள் கும்பத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“அழைக்க உள்ளே ஆள் இல்லை” என்றார். “நமக்கு முன்னாலேயே அவள் இங்கே வந்துவிட்டாள்.”

மண்டபத்தில் எல்லோரும் பலகைமுன் விழுந்தார்கள். செவந்தியப்பரும் விழுந்தார். மாடக்கண்ணார் மட்டும் தூரிகையைப் பிடித்தபடி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

“சாமி, இடது காதுத் தோட்டுக் கோடு கொஞ்சம் தடிச்சுப்போச்சு. ஒரு நிமிசம் பொறுத்தீங்கன்னா…”

“இனித் தொடக்கூடாதப்பா” என்றார் குருக்கள். “அந்தத் தோட்டோடுதான் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.”

திருப்பணி முடியும்வரை குருந்தவல்லி, தடித்த தோட்டோடு அந்தப் பலகையில் இருந்து ஊருக்கு அருள் செய்தாள். கோட்டுக்குள் குடிவர அம்மனே காத்திருந்த அந்தக் கையை, ஓயாத அந்தக் கையை, நாமும் ஒருமுறை வணங்கிக்கொள்வோம்.